மூளையின் படமும் உயிரின் பரிணாமமும்

தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்ட ஒருவர் குற்றம் செய்தவரா, நோயுற்றவரா? இவ்வினாவை நம் சமூகத்தில் எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆயினும் அத்தகைய சாவு நேர்ந்த இல்லத்தின் வாயிலில் நிற்கும் ஒவ்வொருவர் உள்ளத்திலும் அது எழத்தான் செய்கிறது. விடையும் உடன் எழுந்துவிடுகிறது. துக்கம் விசாரிக்க வருவோர் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றனர். 'தீராத வயிற்றுவலி' என்று வீட்டார் ஒரு காரணம் சொல்லி வைக்கின்றனர். அவ்வீட்டுப் பெண்ணுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தோர் மெல்லப் பின்வாங்குகின்றனர். கொன்றவரும் அவரே, கொல்லப்பட்டவரும் அவரே. ஆகவே பாவம் இருமடங்கு என்று பெரியவர் ஒருவர் திண்ணையிலிருந்தே தீர்ப்புரைத்து விடுகிறார். 'தற்கொலை' என்னும் சொல்லே அத்தீர்ப்பைத் தன்னுள் அடக்கிக்கொண்டுதான் வழங்கி வருகிறது.

இத்தீர்ப்புக்கு மாறான சாட்சியம் ஒன்று ஏறத்தாழ அரை நூற்றாண்டாக மேலைநாட்டு மருத்துவ ஆய்வுக்கூடங்களிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. உயிர்மாய்ப்புக்கு முயன்றோரின் மூளை ஏனையோரின் மூளையினின்று சில கூறுகளில் வேறுபட்டிருக்கிறது என்பதே அச்சாட்சியம். அதனைப் படம்பிடித்தும் காட்டுகின்றனர். படத்தைக் கண்டோர் சிலர் மறுகோடிக்கே சென்று, 'மூளை அப்படி அமைந்துவிட்டது. மனிதன் என் செய்வான்? உயிர் என்றும் வினை என்றும் பேசுவதெல்லாம் பழங்கதை' என்கின்றனர். பாவம் என்று முடிவு கட்டுவோரும், பழங்கதை என்று தள்ளுவோரும் அந்தப் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது என் கருத்து. ஆதலின் அதனை முதலில் பார்த்துவிடுவோம். தத்துவம் பிறகு வரட்டும்.

நரம்பணுக்கள் தமக்குள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் பொருள்களுள் செரடோனின் என்பது ஒன்று. 1976ஆம் ஆண்டு சுவீடன் நாட்டுக் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த மரீ ஆஸ்பெர்க் என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும், மனச்சோர்வு நோயுற்ற 68 பேரின் முதுகுத்தண்டு நீரைச் சோதித்தனர். செரடோனின் சிதைந்து உண்டாகும் பொருள் அந்நீரில் எவரெவரிடம் குறைந்திருந்ததோ, அவர்களிடையே உயிர்மாய்ப்பு முயற்சி மிகுதியாகவும் கடுமையாகவும் இருந்தது. உள்ளத்தின் துயருக்கு உடலில் ஓர் அளவுகோல் உண்டோ என்னும் ஐயம் அன்று பிறந்தது.

பின்னர் நியூயார்க் நகரக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மான் என்னும் மருத்துவர் ஒரு நல்ல கேள்வியை எடுத்துக்கொண்டார். ஒரே வகை மனச்சோர்வு, ஒரே அளவு துயரம். ஆயினும் சிலர் உயிரை மாய்க்க முனைகின்றனர், பலர் முனைவதில்லை. ஏன்? 1999இல் அவரும் உடனாய்வாளரும் தந்த விளக்கம் இது: ஒருவரிடம் முன்பே அமைந்து கிடக்கும் தளர்ச்சி ஒன்று, புறத்திலிருந்து வந்து மோதும் அழுத்தம் மற்றொன்று, இரண்டும் கூடும்போதே அச்செயல் நிகழ்கிறது. உபாதானம், நிமித்தம் என்னும் இரு சொற்களைச் சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமாகப் படாது. மண்ணில்லாமல் குயவன் குடம் வனைய மாட்டான். குயவனில்லாமல் மண் குடமாகாது.

அத்தளர்ச்சி மூளையில் எங்கே உள்ளது என்பதைத் தேடும் வேலை பிறகு தொடங்கிற்று. கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரைப் பொருளை ஊசி வழியே செலுத்தி, மூளையின் எப்பகுதி அதனை எவ்வளவு உட்கொள்கிறது என்று காணும் 'பெட்' என்னும் முறை ஒன்றுண்டு. 2003இல் மரியா ஓகேண்டோ என்பாரும் மானும் இம்முறையைக் கையாண்டனர். உயிருக்குப் பேராபத்து விளைவித்த முயற்சியிலிருந்து பிழைத்தோரையும், அத்துணை ஆபத்தில்லாத முயற்சி செய்தோரையும் ஒப்பிட்டபோது, முன்னவருக்கு நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் பகுதியின் இயக்கம் குறைந்திருந்தது. நில், பொறு, இன்னொரு முறை எண்ணிப்பார் என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ள உதவும் பகுதி அது.

2008இல் ஃபப்ரீஸ் ஜொலாண்ட் என்னும் பிரெஞ்சு ஆய்வாளரும் குழுவினரும் செய்த சோதனை இன்னும் நுட்பமானது. முன்பொரு காலத்தில் உயிர்மாய்ப்புக்கு முயன்று, இப்போது நோய் தணிந்து இயல்பாக வாழும் ஆண்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்துச் சில முகங்களைக் காட்டினர். சினந்த முகம் தோன்றியபோது, கண்குழிக்கு மேலுள்ள முன்மூளைப் பகுதி இவர்களுக்கு மட்டும் மிகையாகத் துலங்கிற்று. மனச்சோர்வு கண்டும் அவ்வாறு முயலாதவர்களுக்கு அப்படித் துலங்கவில்லை. பிறர் முகத்தின் வெறுப்பு சிலருக்குள் ஏனையோரைவிட ஆழமாக இறங்குகிறது என்று இதனைப் பொருள்கொள்ளலாம். நான் படித்த இவ்வகை ஆய்வுகளுள் என்னை மிகவும் நிறுத்தி எண்ணவைத்தது இதுவே. ஒரு கோபமுகம், அதுவும் முன்பின் அறியாத ஒருவரின் படம், அவ்வளவே.

இனி இப்படங்களின் எல்லையையும் கூறவேண்டும். செய்தித்தாளில் வரும் மூளைப்படத்தில் சிவப்பும் மஞ்சளும் சுடர்விடுவதைப் பார்த்து, அது நிழற்படம் போன்றதொன்று என்று எண்ணிவிடுகிறோம். அது நிழற்படம் அன்று. இயங்கும் மூளையைக் காட்டும் எம்.ஆர்.ஐ. முறை எண்ணத்தை அளப்பதில்லை. இரத்தத்தில் உயிர்வளி ஏறியிறங்கும் சிறு மாற்றத்தையே அளக்கிறது. அம்மாற்றம் உச்சத்தை எட்டச் சில வினாடிகள் ஆகும். எண்ணமோ அதற்குள் எத்தனையோ முறை பிறந்து மறைந்துவிடும். பலருடைய அளவுகளைத் திரட்டி, கணக்கிட்டு, வேறுபாடு மிக்க இடத்துக்கு வண்ணம் பூசியதே நாம் காணும் படம். கணக்கில் எச்சரிக்கை குறைந்தால் என்ன ஆகும் என்பதைக் கிரெய்க் பென்னட் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 2009இல் வேடிக்கையாகக் காட்டினார். இறந்துபோன சால்மன் மீன் ஒன்றைக் கருவிக்குள் வைத்து, மனித முகங்கள் உள்ள படங்களை அதற்குக் காட்டினார். திருத்தம் செய்யாத கணக்கின்படி அந்த மீனின் மூளையிலும் ஓரிடம் 'சிந்தித்தது'! மீனை எங்கே வாங்கினார், ஏன் வாங்கினார் என்று நம் வாசகர்கள் முகம் சுளிக்கலாம். ஆயினும் அவர் புகட்டிய பாடம் ஆய்வாளர் பலருக்குத் தேவைப்பட்டதே.

இதனினும் பெரிய பாடம் 2017இல் வந்தது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்செல் ஜஸ்ட், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பிரெண்ட் ஆகியோரின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. உயிர்மாய்ப்பு எண்ணம் உடைய 17 பேர், அஃதில்லாத 17 பேர் ஆகியோரைக் கருவிக்குள் படுக்கவைத்து, 30 சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டி எண்ணச் சொன்னார்கள். சாவு, கொடுமை, துன்பம், கவலையின்மை, நன்மை, பாராட்டு என்னும் பொருளுடைய ஆறு சொற்களை எண்ணும்போது எழும் மூளைக் கோலத்தைக் கொண்டே, யார் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதை நூற்றுக்கு 91 பங்கு சரியாகக் கணினி பிரித்துவிட்டதாம். உலகச் செய்தித்தாள்கள் எல்லாம் வியந்தன. ஒருவர் வாய் திறவாமலேயே அவர் உள்ளத்திலுள்ள மரண எண்ணத்தை இயந்திரம் படித்துவிடும் காலம் வந்துவிட்டதென்று எழுதின. ஆனால் திமோத்தி வெர்ஸ்டைனன், கொன்ராட் கோர்டிங் என்னும் இரு அறிஞர்கள் அக்கணக்கில் குறை கண்டனர். எந்தச் சொற்களும் எந்த இடங்களும் நன்றாகப் பிரித்துக் காட்டுகின்றனவோ அவற்றையே முன்னதாகத் தேர்ந்துகொண்டு, பின் அதே 34 பேரையே பிரித்துக் காட்டினால் வெற்றி வரத்தானே செய்யும்? விடையைப் பார்த்துவிட்டு வினாத்தாள் தயாரித்தது போன்றது அது. 2023இல் ஆய்வுக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. வியந்து எழுதிய செய்தித்தாள்களுள் எத்தனை அதனைத் திரும்ப எழுதின என்பது வேறு செய்தி.

பெருந்திரளாக ஆய்ந்தபோது என்ன கிடைத்தது? 2021இல் பன்னாட்டுக் குழு ஒன்று 18,925 பேரின் மூளைப்படங்களை ஒருங்கே வைத்து ஒப்பிட்டது. உயிர்மாய்ப்புக்கு முயன்றோரின் மூளையில் ஓரிரு பகுதிகள் சற்றே சிறுத்திருந்தன. வேறுபாடு உண்மைதான், ஆனால் மிகச் சிறிது. ஒரு தனி மனிதரின் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு 'இவர் இன்னது செய்வார்' என்று சொல்ல அது உதவாது.

உதவும் என்றே வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்லும் கருவி ஒன்று நாளையே வந்துவிட்டதாகக் கொள்வோம். நம் நாட்டில் 2022இல் அரசுக் கணக்கின்படி 1,70,924 பேர் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 12 பேர். ஒரு இலட்சம் பேரை அக்கருவியில் சோதித்தால், அந்தப் பன்னிருவரில் 11 பேரை அது கண்டுபிடிக்கும். எஞ்சிய 99,988 பேரில் பத்தில் ஒரு பங்கினரை, அதாவது ஏறக்குறைய பதினாயிரம் பேரைத் தவறாகச் சுட்டும். சுட்டப்பட்ட பதினாயிரத்துச் சொச்சம் பேரில் உண்மையில் ஆபத்துக்குரியவர் 11 பேர்; மற்றவர் எல்லாம் காரணமின்றி முத்திரை குத்தப்பட்டவர். அந்த முத்திரையோடு அவர்கள் வேலை தேட வேண்டும். பெண் கேட்க வேண்டும். கடன் கேட்க வேண்டும். பள்ளி மாணவன் ஒருவனின் படத்தில் இப்படி ஒரு குறி விழுந்துவிட்டால், அவனை நோக்கும் முகங்கள் எல்லாம் மாறிவிடும். ஜொலாண்டின் சோதனையில் ஒரு முகம் என்ன செய்தது என்பதை மேலே கண்டோம்.

பிறர் உள்ளத்தை அறியும் ஆற்றலைப் பற்றி நம் ஆகமங்கள் பேசாமல் இல்லை. ஐவகை ஞானங்களுள் நான்காவதாக மனப்பரியய ஞானம் கூறப்படுகிறது. அது யாருக்குத் தோன்றும்? தேவர்க்கும் தோன்றாது; இல்லறத்தார்க்கும் தோன்றாது. சோர்விலா ஒழுக்கத்தில் நின்று, ருத்தி பெற்ற முனிவருக்கே தோன்றும் என்று ஆசாரியர்கள் வரையறுத்தனர். இதனை அதிசயக் கதை என்று எண்ணிக் கடந்துபோவோர் அதிலுள்ள நீதியைக் கவனிப்பதில்லை. பிறன் நெஞ்சைப் படிக்கும் திறம் விருப்பு வெறுப்பு அடங்கிய பின்பே வரத்தக்கது. அடங்காதவன் கையில் அது வாளாகும். கருவிக்கு விருப்பு வெறுப்பு இல்லை என்பர். கருவியை வைத்திருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும், வேலை கொடுப்போனுக்கும், மருமகள் தேடும் மாமியாருக்கும் உண்டல்லவா?

முன்கூட்டிச் சொல்லும் திறம் இல்லாமலேயே உயிர்களைக் காக்க முடியும் என்பதற்கு நம் அண்டை நாடே சான்று. இலங்கையில் 1995ஆம் ஆண்டு ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். அவ்வாண்டு மிகக் கொடிய பூச்சிமருந்துகளையும், 1998இல் வேறொரு மருந்தையும் அந்நாட்டு அரசு தடைசெய்தது. 2005க்குள் அவ்வெண்ணிக்கை 24 ஆகக் குறைந்தது. எவர் மூளையையும் யாரும் படம் எடுக்கவில்லை. யார் முயல்வார் என்று யாரும் கணிக்கவுமில்லை. கொடிய பொருள் கைக்கெட்டும் தொலைவில் இல்லாமற்போயிற்று. இடையில் ஒரு நாழிகை கிடைத்தது. அந்த நாழிகையில் பலர் பிழைத்தனர்.

இது எப்படி இயலும் என்று கேட்போருக்கு ரிச்சர்ட் சைடன் 1978இல் வெளியிட்ட ஆய்வு விடை தருகிறது. சான்பிரான்சிஸ்கோ நகரில் 1937 முதல் 1971 வரை உயிர்மாய்க்க முனைந்து, பிறரால் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேர் பின்னர் என்ன ஆனார்கள் என்று அவர் தேடிச் சென்று பார்த்தார். நூற்றுக்கு 94 பேர் உயிரோடு இருந்தனர், அல்லது இயற்கையாக இறந்திருந்தனர். 'சாக நினைத்தவன் எப்படியும் சாவான்' என்று நம் ஊரில் சொல்வது வெறும் பொய் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. சாக வேண்டும் என்ற எண்ணம் அவ்வுயிரின் இயல்பு அன்று. வந்து போகும் ஒரு பரியாயம். திரவியத்தையும் பரியாயத்தையும் பிரித்தறிவதே நற்காட்சியின் முதற்படி என்று பள்ளியில் படிக்கிறோம். துயருற்ற ஒருவர் எதிரில் வந்து நிற்கும்போது மட்டும் அதனை மறந்து, வந்து போவதையே அவர்தம் இயல்பாகக் கொண்டுவிடுகிறோம்.

இனித் தொடக்கத்து வினாவுக்கு வருவோம். மூளையின் தளர்ச்சி உண்மையாயின், பாவம் யாருக்கு?

மூளையில் மாற்றம் தெரிகிறது என்றவுடன் உயிர் இல்லை என்று முடிவு கட்டுவது அவசரம். மனம் என்பது பாவமனம், திரவியமனம் என இருவகை. இவற்றுள் திரவியமனம் புத்கலத்தால் ஆனது என்று நம் நூல்கள் முன்பே கூறிவிட்டன. அது இதயத்தில் எட்டிதழ்த் தாமரைபோல் உள்ளதென்று முன்னோர் கூறினர். மருத்துவர் தலையில் காட்டுகின்றனர். இடம் பற்றிய வழக்கை இங்கே எழுப்ப நான் விரும்பவில்லை. எண்ணுவதற்குரிய கருவி சடப்பொருளால் ஆனது, சடப்பொருளாதலின் அது கெடவும் கூடும், கெட்டதைக் கருவிகொண்டு அளக்கவும் கூடும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. கண் மங்கியவனைப் பார்த்து 'உனக்கு உயிரில்லை' என்று எவரும் சொல்வதில்லை. 'ஒழுங்காகப் பார்' என்று கடிந்துகொள்வதுமில்லை.

ஆனால், 'ஆகவே பாவமே இல்லை' என்று சொல்லிவிடவும் நூல்கள் இடந்தரவில்லை என்பதை மறைத்தல் நேர்மையாகாது. பிரமத்த யோகத்தால் உயிரை வருத்திப் போக்குவது இம்சை என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் வரையறை. கஷாயத்தின் வசப்பட்டுத் தன்னுயிரைப் போக்கிக்கொள்பவனுக்கும் அது பொருந்தும் என்று அமிர்தசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் தெளிவாகவே கூறுகிறார். திண்ணைப் பெரியவர் இதுவரை படித்திருக்கிறார். ஆனால் அவர் அதே தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தைப் புரட்டவில்லை. ஒரே செயலால் வரும் வினையூற்று எல்லாருக்கும் ஒன்றாயிராது. உணர்ச்சியின் கடுமை, மென்மை, அறிந்து செய்தல், அறியாது செய்தல், செயலுக்கு இடமான சார்பு, செய்வோனின் வீரியம் ஆகியவற்றால் வேறுபடும் என்று உமாஸ்வாமி அங்கே கூறுகிறார். நில் என்று சொல்லும் உறுப்பே தளர்ந்துபோனவருக்கு வீரியம் எவ்வளவு? அறிந்து செய்தல் எவ்வளவு? அதை நிறுப்பதற்கான தராசு நூலிலேயே இருக்கிறது. நிறுக்கும் ஞானம் கேவலிக்கே உண்டு. திண்ணைக்கு அது இறங்கி வரவில்லை.

எதற்கெடுத்தாலும் அநேகாந்தத்தைத் துணைக்கு அழைத்து, வாதத்தை முடிக்காமல் விட்டுவிடுவது நம் கட்டுரையாளர்களின் வழக்கம். நான் அதைச் செய்யப் போவதில்லை. செயல் இம்சையே, செய்தவரின் பொறுப்போ நோயின் அளவுக்குக் குறைந்தது, அந்த அளவை அறியாத நாம் அவரை இகழ்வது மட்டும் ஐயத்துக்கு இடமில்லாத குற்றம். என் முடிவு இது.

இன்னொரு பக்கமும் உண்டு, அது கசப்பானது. 2009இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தம்முயிரை மாய்த்துக்கொண்டோரின் மூளைத் திசுக்களை, அவர்கள் இறந்தபின் பெற்றுச் சோதித்தனர். இது படமெடுத்தல் அன்று. ஆயினும் அதனோடு ஒட்டியதே. இளமையில் கொடுமைக்கு உள்ளானவர்களின் மூளையில், மன அழுத்தத்தை அடக்கும் ஏற்பி ஒன்றுக்குரிய மரபணுவின் மேல் இரசாயனப் பூட்டு விழுந்திருந்தது. இளமையில் கொடுமைக்கு ஆளாகாமல் பின்னர் அவ்வாறே இறந்தோரிடம் அப்பூட்டு மிகுந்து காணப்படவில்லை. சோதித்தோர் தொகை சிறிது. ஒவ்வொரு பிரிவிலும் பன்னிருவர்தாம். ஆயினும் அதன் குறிப்பை நாம் தவறவிடலாகாது. தளர்ச்சி என்று மேலே சொன்னோமே, அதில் ஒரு பகுதி பிறர் கையால் எழுதப்பட்டதாக இருக்கலாம்.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல், மனம், வாக்கு, காயம், எண்ணுதல், முனைதல், தொடங்குதல், நான்கு கஷாயங்கள். இவற்றைப் பெருக்கி இம்சையின் வழிகள் 108 என்று எண்ணி, அதற்காகவே செபமாலையில் 108 மணி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். தேர்வில் மதிப்பெண் குறைந்த பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் முகங்கொடுத்துப் பேசாத தந்தை எந்த மணியில் வருகிறார்? மருமகளின் பிறந்தகத்தை நாள்தோறும் இழித்துப் பேசும் வீட்டில், பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பவர் எந்த மணியில் வருகிறார்? இறந்தவரின் பாவக் கணக்கைத் திறக்கும் நாம், அந்தக் கணக்கில் நம் கையெழுத்து எங்கேனும் உள்ளதா என்று பார்ப்பதில்லை. அதற்காகத் துயருற்ற வீட்டார் ஒவ்வொருவரையும் குற்றவாளி ஆக்குவதும் தகாது. அன்பு குறைவில்லாத இல்லங்களிலும் இது நேர்கிறது. அங்கே நோயே முதற்காரணம்.

சட்டமும் இப்பொருளில் மெல்லத்தான் நடந்தது. 1860ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, உயிர்மாய்ப்புக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை விதித்தது. 1994இல் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது; 1996இல் ஐவர் கொண்ட அமர்வு மீண்டும் செல்லும் என்றது. 2017இல் இயற்றிய மனநலச் சட்டம், அவ்வாறு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும், அவரைத் தண்டித்தலாகாது, அவருக்குச் சிகிச்சையளிப்பது அரசின் கடமை என்றது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பழைய பிரிவு இடம்பெறவில்லை. நூற்றறுபது ஆண்டுக்குப் பின் சட்டம் இரக்கம் கொண்டது. நம் திண்ணைகளும் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

இவ்விடத்தில் சல்லேகனையைப் பற்றிச் சொல்லாமல் விட இயலாது. 2015 ஆகஸ்டு 10ஆம் நாள் இராசத்தான் உயர் நீதிமன்றம் அதனைத் தற்கொலை முயற்சியோடு ஒன்றாக வைத்துத் தீர்ப்பளித்தது. அதே மாதம் 31ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. அப்போது நாடெங்கும் நம்மவர் அமைதி ஊர்வலம் சென்றனர். 'சல்லேகனை வேறு, தற்கொலை வேறு' என்பதே அன்று எங்கும் முழங்கிய சொல். உண்மைதான். ஆனால் அந்த வேற்றுமை எதில் உள்ளது என்று நம் பிள்ளைகளுக்கு விளக்கினோமா என்பது ஐயமே. உண்ணாமை என்னும் முறையில் வேற்றுமை இல்லை. மெதுவாக நிகழ்வதிலும் இல்லை. சல்லேகனை நோற்பவர்க்கு வரக்கூடிய ஐந்து அதிசாரங்களுள் வாழ விரும்புதல் எப்படி ஒரு குற்றமோ, அப்படியே விரைந்து சாக விரும்புதலும் ஒரு குற்றம். மரணத்தை ஆசைப்பட்ட அக்கணமே நோன்பு மாசுபடுகிறது. செஞ்சிக்கருகே திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்து முடிந்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டைக் கண்டிருப்பீர்கள். அந்த 57 நாளும் அவர் சாவை வேண்டிக் கிடந்தார் என்று எண்ணினால், அவர் நோன்பை அறியாதவராவோம். மூளை நோயால் துயருறும் இளைஞனோ சாவை மட்டுமே காண்கிறான். ஏனைய கதவுகள் எல்லாம் அவனுக்கு மூடித் தோன்றுகின்றன. நூல்கள் அந்நிலையை ஆர்த்தத் தியானம் என்கின்றன. இரண்டையும் ஒன்றாக்கியது நீதிமன்றத்தின் பிழையாயின், துயருற்றவன் வாயில் வரும் 'இனி வாழ விருப்பமில்லை' என்ற சொல்லை வைராக்கியம் என்று மயங்குவது நம் பிழையாகும். அப்படி மயங்குவோரும் நம்மிடையே உண்டு.

அத்தகைய சொல்லைக் கேட்டால் என்ன செய்வது? நேராகக் கேட்கலாம்: 'உயிரை விட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?' என்று. கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டியதாகிவிடுமோ என்று பலரும் அஞ்சுகின்றனர். அவ்வாறு ஆவதில்லை என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஐம்பது ஆண்டுக்கால ஆய்வுகள் 365ஐ ஒருங்கே வைத்துப் பார்த்த அறிஞர்கள், எவர் உயிரை மாய்ப்பார் என்று முன்கூட்டிச் சொல்வதில் மருத்துவம் குருட்டுக் கணிப்பைவிடச் சற்றே மேம்பட்டது என்று 2017இல் ஒப்புக்கொண்டனர். கருவியால் அறிய முடியாததைப் பல நேரம் அருகிலிருப்பவர் கேட்டு அறிந்துகொள்ள முடியும். கேட்டபின் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வது, வீட்டிலுள்ள ஆபத்தான பொருள்களை அகற்றுவது, அவரைத் தனியே விடாதிருப்பது ஆகியவை செய்யத்தக்கவை. நடுவண் அரசு 2022இல் தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

சல்லேகனையின் இலக்கணத்தை இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் வகுத்துத் தந்தவர் சமந்தபத்திரர். நம் அருங்கலச்செப்புக்கு மூலமும் அந்நூலே. அவருக்கே ஒரு காலத்தில் பஸ்மக நோய் கண்டதென்றும், எவ்வளவு உண்டாலும் ஆறாத அப்பசியால் முனி ஒழுக்கம் காக்க இயலாது வருந்திச் சல்லேகனைக்கு அனுமதி வேண்டித் தம் குருவிடம் சென்றாரென்றும் மரபு வரலாறு கூறுகிறது. வேண்டியவர் கல்வியிலும் ஒழுக்கத்திலும் குறைவற்றவர். வேண்டியதோ நூல் விதித்த நோன்பு. குரு அனுமதி தரவில்லை. முனிக்கோலத்தை நீக்கிவிட்டு, எங்கேனும் சென்று, எந்த உணவாயினும் வயிறார உண்டு, முதலில் நோயைத் தீர்த்துக்கொள் என்று அனுப்பிவைத்தார். சமந்தபத்திரர் அவ்வாறே சென்றார். நோய் தணிந்தபின் திரும்பி வந்து மீண்டும் தீட்சை பெற்றார்.